பழமா, பயமா

இரவு 7 மணியானதும் என் கைபேசியில் எண்கள் வந்து விழத் தொடங்கும். 11. 16. 9. வணக்கம் இருக்காது, சுகம் விசாரிப்பு இருக்காது. வெறும் எண்கள். நானும் வாயிலிருக்கும் ஐஸ்பழக் குச்சிகளை எடுத்து, குசினி மேசையில் பரப்பி எண்ணி, என் பங்குக்கு ஓர் எண்ணை எழுதுவேன். அதன் பிறகுதான் இரவுச் சாப்பாடு. இரண்டு வருடங்களாக எங்கள் வட்ஸ்அப் குழுவின் வழக்கம் இது.

குச்சிக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்தவர்களுக்குத் தாடைத் தசை நாளடைவில் இறுகலாம். பாராமல் விட்டால் வாய்க்குள் கரண்டி நுழையாது, பல் வைத்தியரின் கண்ணாடியும் நுழையாது. அதற்குத்தான் இந்தப் பயிற்சி. தட்டையான குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துக்கொள்ள வேண்டும். தசை கொஞ்சம் இளகியதும் அடுக்கின் இடையில் இன்னொரு குச்சியைச் செருக வேண்டும். ஒரு குச்சி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்பு. மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் 35 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பார்கள். அதாவது 18 குச்சி. நான் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று எனக்கு நுழைந்தவை 7.

மனைவிக்கும் இந்தக் கணக்குத் தெரியும். ஆனால் 13 என்பது 14 ஆக மூன்று கிழமை பிடிக்கும், அந்த ஒரு குச்சிக்குக் கண்ணில் நீர் முட்டும், ஒரு காய்ச்சலில் படுத்தெழும்பினால் 14 மறுபடியும் 12 ஆகிவிடும் என்பதெல்லாம் அந்த எண்களை அனுப்புகிறவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் 14 என்று எழுதினால் மற்றவர்கள் அவருடைய தாடையையே பார்க்கிறார்கள்.

நான் திருகோணமலையில் ஓர் இரும்புக்கடையில் 26 வருடங்கள் முன்மேசையில் இருந்தவன். கம்பி, சீமெந்து, கூரைத் தகரம் என்று நாள் முழுவதும் தொலைபேசியில் ஓடர் எடுப்பேன். நேரில் வருகிறவர்களோடும் கதைத்துக்கொண்டே இருப்பேன். திருவிழாக் காலத்தில் கோவிலில் தேவாரம் பாடுவதும் உண்டு. வாயால் பிழைத்தவன் என்றே என்னைச் சொல்லலாம். வெற்றிலையும் அந்த மேசையில்தான் பழகியது. கடை திறந்ததும் ஒரு வாய், தேநீர் குடித்த பின் ஒரு வாய், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வாய். புகையிலைத் துண்டு ஒன்றும் சேர்ந்தால்தான் திருப்தி.

2022-இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்ற மாதங்களில் நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. பிறகு அதன் நடுவே புண். உறைப்புப் பட்டால் எரிந்தது, அவ்வளவுதான். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணைக் கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது அப்படி ஒரு புண் இருந்தால் நாளைக்கே போங்கள். நான் ஏழு மாதம் கழித்துப் போனேன். புகையிலை சேராமல், பாக்கு மட்டுமே போதும் புற்றுநோயை உண்டாக்க என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதி சொல்கிறது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவதும் வாய்ப் புற்றுநோய்தான். இதையெல்லாம் நான் நோயாளர் விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் படித்தேன். நல்ல காரியம் என்றால் நாம் முதலில் நீட்டுவது வெற்றிலைத் தட்டு. அந்தத் தட்டை மறுத்துக் கைகூப்பும்போது இன்றைக்கும் சிலருடைய முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும்.

2023 மார்ச்சில் நாக்கின் இடது பாதியை எடுத்தார்கள். கழுத்திலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். இடது முன்கையிலிருந்து தோலோடும் இரத்தக் குழாயோடும் ஒரு துண்டை வெட்டி, எடுத்த இடத்தில் பொருத்தித் தைத்தார்கள். அதனால் என் இடது மணிக்கட்டில் வழக்கமான இடத்தில் விரல் வைத்தால் நாடி கிடைக்காது. அங்கே ஓடிய குழாய் இப்போது என் நாக்குக்கு இரத்தம் கொண்டுபோகிறது. சில இரவுகளில் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

பிறகு மகரகம. எங்கள் பக்கத்தில் அதை யாரும் ஒரு ஊரின் பெயராகச் சொல்வதில்லை. 'அவரை மகரகமவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்' என்று சொன்னால் போதும், வருத்தத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. கேட்கிறவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அங்கே இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலையின் பெயர் அபேக்ஷா. சிங்களத்தில் எதிர்பார்ப்பு என்று பொருள். கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமை, மொத்தம் 30 தடவை கதிர்.

தலை அசையாமல் இருக்க ஒரு முகமூடி செய்வார்கள். வெள்ளை வலைத்தட்டு ஒன்றைச் சுடுநீரில் போட்டு இளக்கி, முகத்தின்மேல் விரித்து அழுத்துவார்கள். முதலில் வெந்நீர்த் துணிபோல இதமாக இருக்கும். பிறகு ஆறி இறுகி, மூக்கும் நெற்றியும் தாடையும் அப்படியே அதில் பதிந்துவிடும். ஒவ்வொரு நாளும் அதை முகத்தில் மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். எங்கள் முகமூடிகள் ஒரு தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். என்னுடையதற்குப் பக்கத்திலிருந்தது வளைந்த பெரிய மூக்கு. மூன்றாம் நாள் வாங்கில் என் அருகே வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும் அந்த மூக்குக்குரியவர் இவர்தான் என்று தெரிந்துவிட்டது. மூதூர்க்காரர், கடற்றொழில் செய்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்றிலிருந்து எனக்கு அவர் நானா. எங்களோடு மன்னாரிலிருந்து வந்த ஐயா ஒருவரும் இருந்தார். அவருடைய மகன் வேலைக்கு விடுமுறை போட்டுவிட்டுத் தகப்பனோடு நின்றான்.

மூன்றாம் கிழமைக்குப் பிறகு வாயெல்லாம் வெந்து, எச்சில் விழுங்குவதே பெரும்பாடாகிவிட்டது. ஒரே வாங்கில் தோளோடு தோள் உரச இருந்துகொண்டு நாங்கள் மூவரும் கைபேசியில் எழுதித்தான் கதைத்தோம். வட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவன் ஐயாவின் மகன்தான், எங்களுக்கு அவன் மன்னார்த் தம்பி. 'இன்று என்ன குடித்தீர்கள்?' என்று நானா எழுதுவார். 'அரிசிக் கஞ்சி, கால் கோப்பை' என்று நான் எழுதுவேன். ஐயா மூக்குக் குழாயைக் காட்டுவார். சுற்றியிருந்தவர்களுக்கு நாங்கள் பேசாமல் இருக்கிற மூன்று நோயாளிகள். எங்களுக்கோ அது ஓயாத கதை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது.

நாக்கின் நுனி மேலே எழும்பித் தொட்டால்தான் தமிழில் பாதி எழுத்துப் பிறக்கும். ட, ண, த, ந, ர, ல, ள, ழ, ற, ன. ஒன்றும் வரவில்லை. உதட்டில் பிறக்கிற ப, ம, வ தப்பின. தொண்டைப் பக்கமாகப் பிறக்கும் க ஒருவாறு வந்தது. ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு ஊர்ப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். திருகோணமலையில் என் வாய்க்கு மிஞ்சியது 'கோ'வும் 'ம'வும்தான்.

கடை முதலாளி நல்ல மனிதர். சம்பளத்தைக் குறைக்காமல் பின்னறையில் கணக்கெழுதும் வேலைக்கு மாற்றிவிட்டார். மாறுவதற்கு முன் ஒரே ஒரு தடவை, மணி அடிக்கிறதே என்று பழக்கத்தில் தொலைபேசியை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்தவர் முதலாளியின் எண்ணுக்கு அழைத்து, காலையிலேயே குடித்துவிட்டு வேலைக்கு வந்த ஆளை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம். நான் வாழ்நாளில் குடித்ததில்லை.

அதையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது தலையாட்டல். நான் எதைச் சொன்னாலும் வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள். 'ஓம் அப்பா.' 'ஓம் மாமா, விளங்குகிறது.' விளங்கவில்லை என்பது அவர்களுடைய கண்ணிலேயே தெரியும். என்னை நோகடிக்கக்கூடாது என்கிற அன்பு அது. ஆனால் அந்த அன்புக்குள் நான் தனியாக நின்றேன்.

ஓர் இரவு, ஓகஸ்ட் மாதம், தூக்கம் வரவில்லை. கழுத்தில் தையல் போட்ட இடத்துக்குக் கீழே ஏதோ கட்டியாகத் தட்டுப்படுவதுபோல இருந்தது. மனைவியை எழுப்பி, பயமாக இருக்கிறது என்றேன். என் வாயில் ழ என்பது ய ஆகத்தான் வரும். மாம்பழத்தை மாம்பயம் என்பேன். அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. எழும்பிக் குசினிக்குப் போனாள். விளக்கு எரிந்தது. கரண்டி கோப்பையில் படும் சத்தம் கேட்டது. ஒரு கதலிப் பழத்தைப் பாலில் மசித்துக்கொண்டு வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, 'மெதுவாகச் சாப்பிடுங்கள்' என்றாள். நித்திரைக் கண்ணோடு, அவ்வளவு கரிசனையோடு. நான் அதைச் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த நாளிலிருந்து நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். தேவையானதை ஒரு கொப்பியில் எழுதிக் காட்டினேன். குழுவில் மட்டும் நிறைய எழுதினேன். எழுத்தில் எனக்கு ல வந்தது, ழ வந்தது. எழுத்தில் நான் பழைய ஆள். அந்தக் காலத்தில் குழுவில் பத்துப் பேர்வரை சேர்ந்திருந்தார்கள். வறண்ட வாய்க்கு எதைக் குடிப்பது, தோள் ஏன் தூக்க முடியாமல் வலிக்கிறது, ருசி எத்தனை மாதத்தில் திரும்பும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். குச்சிக் கணக்கும் அப்போதுதான் தொடங்கியது. எழுத்து எனக்கு நல்ல மறைவிடமாக இருந்தது என்பதை அன்றைக்கு நான் உணரவில்லை.

ஒக்டோபரில் பொகவந்தலாவையிலிருந்து ஓர் அக்கா வந்து சேர்ந்தார். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் அவர் அக்கா. தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிறவர். மழையிலும் குளிரிலும் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலை செய்த வாய். கன்னத்தில்தான் நோய். அவர் எழுதவில்லை. குரல் பதிவுகள் அனுப்பினார். காற்று ஒழுகுவதுபோல ஒரு குரல். மூன்று தடவை கேட்டால் ஒரு வரி பிடிபடும். நாங்கள் விழுந்து விழுந்து எழுத்தில் பதில் போட்டோம். இரண்டு நாள் கழித்து மன்னார்த் தம்பி எழுதினான்: 'அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் எழுதியதில் ஒன்றும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.'

குழுவில் யாரும் அசையவில்லை. அதற்குள் இருந்த ஒவ்வொருவரும் வாயைத் திறக்காமல் இருக்கத்தான் அங்கே வந்திருந்தோம் என்று நினைக்கிறேன். முதலில் பேசியவர் மூதூர் நானா. அரை நிமிடம், பெரும்பாலும் மூச்சு. அக்கா உடனே பதில் போட்டார். அவர் அந்தப் பக்கத்தில் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

மறுநாள் விடியற்காலையில் நான் டச்சு வளைகுடாக் கரைக்குப் போனேன். கோட்டைப் பக்கமிருந்து இறங்கிய மான்கள் இரண்டு வீதியோரம் நின்றன. தூரத்தில் சுவாமிமலை இன்னும் கறுப்பாகவே இருந்தது. கோவில் மணி கேட்டது. அந்த மலையில் பாடிய வாய் இது என்று நினைத்தபோது நெஞ்சு அடைத்தது. அலையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைபேசியை உதட்டோடு வைத்து, குச்சிக் கணக்கை மட்டும் சொல்லத்தான் நினைத்தேன். எட்டு என்றேன். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் அந்தச் சொல்லும் வந்துவிட்டது. இரவில் பயம்.

ஐந்து நிமிடத்தில் அக்காவின் பதில் வந்தது. காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 'அண்ணே, எட்டு விளங்கியது. பிறகு சொன்னது விளங்கவில்லை. பழமா, பயமா? திரும்பச் சொல்லுங்கள்.'

ஏழு மாதங்களில் விளங்கவில்லை என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, விளங்காது என்று தெரிந்ததற்கு வேறு சொல் போட்டு. பயம். அச்சம். திரும்ப வந்துவிடுமோ என்று. பிள்ளைகளின் கலியாணம் பார்க்க முடியாமல் போகுமோ என்று. அக்கா அனுப்பிய பதில் நாலு நிமிடம். அதில் பாதிதான் எனக்கு விளங்கியது. மற்றப் பாதியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவரும் சலிக்காமல் சொன்னார். இரவில் அவர் விளக்கை அணைப்பதில்லையாம். அணைத்தால் கன்னத்துக்குள் ஏதோ ஊர்வதுபோல இருக்குமாம்.

அன்று பின்னேரம் மனைவியிடம் கொப்பியை நீட்டினேன். 'விளங்காவிட்டால் தலையாட்டாதே. கேள். எத்தனை தடவை என்றாலும் சொல்கிறேன்' என்று எழுதியிருந்தேன். ஓகஸ்ட் இரவில் நான் பழம் கேட்கவில்லை என்பதையும் எழுதியிருந்தேன். அவள் அதை வாசித்துவிட்டு வெகுநேரம் கிணற்றடியில் நின்றாள். திரும்பி வந்து, 'கேட்டால் நீங்கள் மனம் விட்டுப் போவீர்கள் என்று பயந்தேன்' என்றாள். இருவரும் ஒரே சொல்லைத்தான் மூடி வைத்திருந்திருக்கிறோம்.

மன்னார் ஐயா 2024 தொடக்கத்தில் காலமானார். கழுத்தில் திரும்ப வந்துவிட்டது. அவருடைய எண்கள் 6, 6, 5 என்று வந்து நின்றன. தம்பி குழுவை விட்டுப் போய்விடுவான் என்று நினைத்தோம். அவன் போகவில்லை. முப்பத்தொன்று முடிந்த அன்று எனக்குத் தனியாக எழுதினான். இப்படிக் கூடிப் பேசுகிறவர்களுக்கு ஆயுள் கூடும் என்று எங்கோ படித்தானாம். அப்படியானால் அப்பாவை நாம் இன்னும் அதிகமாகப் பேச வைத்திருக்க வேண்டுமா, மாமா என்று கேட்டிருந்தான்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் தூங்கவில்லை. தேடிப் படித்தேன். 1989-இல் அமெரிக்க மனநல வைத்தியர் டேவிட் ஸ்பீகலும் அவரோடு வேலை செய்தவர்களும் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் பரவிய 86 பெண்களில், கிழமைக்கு ஒரு தடவை கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ இரு மடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்றது அது. தம்பி படித்தது அதைத்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. கனடாவில் பமிலா குட்வினும் குழுவினரும் அதையே 235 பெண்களிடம் செய்து பார்த்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை. மனத்துயரும் வலியும் குறைந்தன, தொடக்கத்தில் மிகவும் துயரப்பட்டிருந்தவர்களுக்குத்தான் அதிகமாக.

இதைத் தம்பிக்கு எழுதாமல் குரலில் சொன்னேன். அப்பாவின் ஆயுள் உன் கையில் இருக்கவில்லை, நீ எதையும் குறைவாகச் செய்யவில்லை என்று. இரண்டு இடத்தில் விளங்கவில்லை என்றான். திரும்பச் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் எண்களை ஒரு தாளில் திகதி போட்டு எழுதி வைக்கிறவன் அவன்தான். 7 மணி தாண்டியும் ஓர் எண் வராவிட்டால் அவனுடைய கேள்வி வந்துவிடும்.

போன மாதம் மூதூருக்குப் போனேன். இரண்டு வருடம் குரல் கேட்டும், நானாவின் வீட்டுப் படி மிதிக்கவில்லை. காரணம் சாப்பாடு. ஒரு வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் வர விடமாட்டார்கள். நான் வெளியாட்கள் முன்னால் சாப்பிடுவதை நிறுத்தி இரண்டு வருடமாகியிருந்தது. இடது பக்க உதட்டில் உணர்ச்சி இல்லை. சொதி வழிந்தால் தெரியாது. சோற்றுப் பருக்கை கன்னத்துக்குள் தங்கிவிடும், விரலால்தான் எடுக்க வேண்டும். கலியாண வீடுகளில் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

நானாவின் வீட்டு விறாந்தையில் பாய் விரித்திருந்தார்கள். சொதியில் ஊறி நெகிழ்ந்த இடியப்பம், முள் பார்த்து உதிர்த்து மசித்த பாரை மீன், ஆளுக்கொரு பெரிய செம்பில் தண்ணீர். நானாவின் மனைவி எங்கள் இருவருடைய மடியிலும் ஒவ்வொரு துவாய் விரித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நானா ஒரு வாய் எடுத்து வைத்தார். தண்ணீர் குடித்து விழுங்கினார். தாடையில் வழிந்ததைத் துவாயால் ஒற்றிக்கொண்டு அடுத்த வாய்க்குக் கையை நீட்டினார். நானும் தொடங்கினேன். கதைக்கவே இல்லை, சாப்பிடும்போது எங்களால் கதைக்க முடியாது. நாற்பது நிமிடம் இருக்கும். ஒரு கட்டத்தில் நானா தன் தாடையைத் தொட்டுக் காட்டினார், எனக்கு வழிகிறது என்று. துடைத்துக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து அவருக்கு வழிந்தபோது நான் தொட்டுக் காட்டினேன். கோப்பையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல சனம். கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது இருட்டிவிட்டது, இரண்டு பக்கமும் தண்ணீரில் விளக்குகள். கைபேசி அதிர்ந்தது. 12. 17. பொகவந்தலாவை அக்காவின் குரல், பத்து. பிறகு நானாவின் 11. சற்றுப் பொறுத்துத் தம்பி: 'மாமா, உங்களுடையது?'

கையில் குச்சி இல்லை. விரல்களை நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது, மூன்றாவது பாதியில் நின்றது. இருட்டில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. பொத்தானை அழுத்தி, இரண்டரை விரல் என்றேன். முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தார்.

'விளங்கவில்லை மாமா' என்று வந்தது.

பஸ் இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்தி, மறுபடியும் சொன்னேன்.